புதுப்பிப்பதற்காகப் பழைய கார் வாங்கப் போகிறீர்களா? முன்பணம் கொடுப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

என் முதல் பழைய காரை வாங்கப் போனபோது நான் சோதித்தது ஒன்றே ஒன்றைத்தான்: எஞ்சின் ஓடுகிறதா? ஓடியது. அழகாகவே ஓடியது. விற்றவர் சாவியைத் திருப்பினார், இரண்டு இருமல், கொஞ்சம் நீலப்புகை, அப்புறம் தையல் மெஷின் மாதிரி சீரான ஒரு சத்தம். அந்தச் சத்தத்துக்கே நான் விழுந்துவிட்டேன். மூன்று வருடம் கழித்து அந்தக் காரைப் பாகம் பாகமாகப் பிரித்து விற்றேன். கடைசிவரை எந்தத் தொந்தரவும் தராமல் இருந்தது அந்த எஞ்சின் மட்டும்தான்.

இந்தப் பக்கம் புதிதாக வருபவர்களில் நிறையப் பேர் இதே தப்பைச் செய்வதைப் பார்க்கிறேன். ஓடாத எஞ்சினைக் கண்டால் பயந்து ஓடுகிறார்கள், துருவைக் கண்டால் "அதெல்லாம் வெல்டிங் வைத்துக்கொள்ளலாம்" என்கிறார்கள். பயப்பட வேண்டியது இதற்கு நேர்மாறாக. எஞ்சின் வேலைக்கு ஒரு மெக்கானிக் ஓரளவு சரியான மதிப்பீடு கொடுத்துவிடுவார். துருவுக்கு யாராலும் கொடுக்க முடியாது, ஏனென்றால் பெயிண்டைச் சுரண்டும் வரைக்கும் அது எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. கீழே உள்ள வரிசையும் அதனால்தான் இப்படி இருக்கிறது. எஞ்சின் ஆறாவதாகத்தான் வரும்.

1. காரைப் பார்ப்பதற்கு முன் காகிதத்தைப் பாருங்கள்

காரை நேரில் பார்த்துவிட்டால் மனசு பேச ஆரம்பித்துவிடும். அதனால் கிளம்புவதற்கு முன்பே பதிவுச் சான்றின் படம், சேசிஸ் (காரின் அடிச்சட்டம்) எண் பொறித்த இடத்தின் படம், எஞ்சின் எண்ணின் படம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். "நேரில் வாங்க, பார்த்துக்கலாம்" என்று இழுத்தால் அங்கேயே நிறுத்திவிடுவது நல்லது.

இப்போது எல்லாக் கார்களிலும் இருக்கும் 17 இலக்க அடையாள எண் 1981 வாக்கில்தான் ஒரே மாதிரியாக வந்தது. அதற்கு முந்தைய கார்களில் எண்ணின் நீளமும் அது இருக்கும் இடமும் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறு. உங்கள் மாடலில் எங்கே இருக்க வேண்டும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ளுங்கள். நிறையக் கார்களில் எண் இரண்டு இடத்தில் இருக்கும்: ஒன்று ரிவெட் அடித்த சின்னத் தகடு, இன்னொன்று உலோகத்திலேயே பொறித்தது. தகட்டை யார் வேண்டுமானாலும் கழற்றி வேறு காரில் மாட்டலாம். ரிவெட் புத்தம் புதிதாக மின்னினாலோ, பொறித்த இடத்தைச் சுற்றிக் கிரைண்டர் ஓடிய தடம் இருந்தாலோ பேச்சை முடித்துக்கொள்ளுங்கள்.

எஞ்சின் எண் காகிதத்தோடு ஒத்துப்போகாமல் இருப்பது வேறு விஷயம். ஐம்பது வருடத்தில் ஒரு காருக்கு எஞ்சின் மாற்றியிருப்பது சகஜம். குற்றம் ஒன்றுமில்லை, ஆனால் அசல் எஞ்சினோடு இருக்கும் காரின் விலையைக் கேட்கும் உரிமை விற்பவருக்கு இல்லை. அந்த மாற்றம் பதிவில் ஏறியிருக்கிறதா என்றும் பாருங்கள்.

பெரிய பொறி, இறந்துபோன உரிமையாளர் பெயரில் நிற்கும் கார்தான். விற்பவர் மகனாக இருப்பார், நல்லவராகவும் இருப்பார், ஆனால் அவருக்கு இரண்டு சகோதரிகள் இருப்பது நீங்கள் பணம் கொடுத்த பிறகுதான் தெரியவரும். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட்ட பிறகுதான் பணம் கை மாற வேண்டும். பழைய கடன் பாக்கி, கட்டாத வரி, "உடைத்தாயிற்று" என்று பதிவை ரத்து செய்த குறிப்பு ஏதாவது இருக்கிறதா என்று பதிவு அலுவலகத்தில் நீங்களே நேரில் கேளுங்கள், தரகரை அனுப்பாதீர்கள். ரத்தான பதிவை மீண்டும் உயிர்ப்பிக்க முடியுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். சில இடங்களில் முடியவே முடியாது, அப்படியானால் உங்கள் கையில் இருப்பது கார் இல்லை, அலங்காரப் பொருள்.

சில மாடல்களுக்குத் தொழிற்சாலைப் பதிவேட்டிலிருந்தே சான்று கிடைக்கும். எம்ஜி, மோரிஸ், ஆஸ்டின் போன்ற பழைய பிரிட்டிஷ் கார்கள் பலவற்றுக்கு இங்கிலாந்தின் கேய்டனில் உள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் கட்டணம் வாங்கிக்கொண்டு கொடுக்கிறது. தயாரான தேதி, முதல் நிறம், முதல் எஞ்சின் எண் எல்லாம் அதில் வரும். விலை அதிகமான கார் என்றால் அந்தக் கட்டணத்தைப் பார்த்துத் தயங்காதீர்கள்.

2. அந்த மாடல் எங்கே அழுகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்

ஒவ்வொரு மாடலும் தனக்கென்று ஒரு இடத்தில்தான் சாகும். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் என்றால் கதவுக்கு அடியில் ஓடும் ஹீட்டர் குழாய்ப் பெட்டிகள், பின் சீட்டுக்கு அடியில் பேட்டரி உட்காரும் தரைத்தகடு. எம்ஜிபி என்றால் கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் 'சில்' (sill) என்ற பகுதி. அது வெளியே தெரிவது ஒரு தகடு, உள்ளே இருப்பது பல அடுக்கு, காரின் பலமே அதில்தான். பழைய மினிக்குப் பின்பக்க சப்ஃபிரேம், அதாவது பின்சக்கரங்களைத் தாங்கும் தனிச் சட்டம். மோரிஸ் மைனர் டிராவலரில் பின்னால் தெரியும் மரச்சட்டம் அழகுக்கு வைத்தது இல்லை, உடம்பைத் தாங்குவதே அதுதான். மரம் உளுத்தால் உடம்பு போயிற்று. லேண்ட் ரோவரைப் பார்த்து "இது அலுமினியம், துருப்பிடிக்காது" என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுக் கீழே குனிந்து சேசிஸைப் பாருங்கள், அது இரும்பு.

அதே மாடலை வைத்திருக்கும் ஒருவரைக் கண்டுபிடித்துப் பேசுங்கள். பட்டறைக் கையேடும், பாகங்களின் படப் பட்டியலும் வாங்கிவிடுங்கள், ஐந்தாவது படியில் அது இல்லாமல் முடியாது.

3. கையில் எடுத்துப் போக வேண்டியவை

நல்ல டார்ச், துணி சுற்றிய காந்தம், மழுங்கிய ஸ்குரூடிரைவர், கம்ப்ரெஷன் கேஜ் (சிலிண்டருக்குள் அழுத்தம் பார்க்கும் கருவி), மல்டிமீட்டர், ஜாக்கி, ஜாக் ஸ்டாண்டு, விரித்துப் படுக்க ஒரு பழைய பாய். முடிந்தால், இந்தக் காரை வாங்குவதில் துளியும் ஆர்வமில்லாத ஒரு நண்பர். மழை நாளில் போகாதீர்கள், ஈரமான பெயிண்ட் எல்லாக் குறையையும் மறைத்துவிடும்.

4. உடம்பு: இங்கேதான் அரை நாள் போக வேண்டும்

முதலில் பத்தடி தள்ளி நின்று பக்கவாட்டில் பாருங்கள். கதவு, பானெட், டிக்கி இடைவெளிகள் மேலிருந்து கீழ்வரை ஒரே அளவில் ஓடுகின்றனவா? கதவைத் திறந்து கையை எடுங்கள். கீழே இறங்கினால் கீல் தேய்ந்திருக்கலாம், அது சின்ன விஷயம். கீல் சேரும் தூணே அழுகியிருந்தால் சின்ன விஷயம் இல்லை.

எனக்கு யாராவது முன்பே சொல்லித் தந்திருக்க வேண்டும் என்று இப்போதும் வருத்தப்படும் சோதனை இது. கதவை மூடி வைத்துக்கொண்டு, அந்த மாடலுக்கென்று சொல்லப்பட்ட ஜாக்கி முனையில் ஒரு பக்கத்தை மெதுவாகத் தூக்குங்கள், நண்பர் கதவு இடைவெளியையே பார்த்துக்கொண்டிருக்கட்டும். தூக்கத் தூக்க இடைவெளி மாறினால், கதவு சிக்கிக்கொண்டால், அந்த உடம்பு வளைகிறது என்று அர்த்தம். தனிச் சேசிஸ் இல்லாமல் உடம்பே சட்டமாக இருக்கும் காரில் இது மரணச் செய்தி. ஜாக்கி முனையே தகட்டுக்குள் புதைந்துபோனால், மேற்கொண்டு சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை. எது எப்படியோ, ஜாக்கியை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் தலையை விடாதீர்கள், ஸ்டாண்டு கொடுத்த பிறகுதான்.

அடுத்து காந்தம். மட்கார்டு விளிம்பு, கதவின் கீழ்ப்பகுதி, சில், ஹெட்லைட்டைச் சுற்றி மெதுவாக நகர்த்துங்கள். பிடிப்பு தளரும் இடத்தில் பெயிண்டுக்கு அடியில் பட்டி (பள்ளத்தை அடைக்கப் பூசும் பசை) இருக்கிறது. பெயிண்ட் தடிமன் பார்க்கும் மீட்டர் கிடைத்தால் இன்னும் வசதி: 100, 150 மைக்ரான் அளவில் காட்டினால் ஏறக்குறைய ஒரே ஒரு தடவை அடித்த பெயிண்ட், 300-ஐத் தாண்டினால் மேலே இன்னொரு தடவை அடித்திருக்கிறார்கள், ஆயிரத்துக்கு மேல் போனால் அங்கே கிலோக் கணக்கில் பட்டி. அலுமினியம், ஃபைபர் உடம்பில் காந்தம் வேலை செய்யாது, அதற்குத் தட்டிப் பார்த்துச் சத்தத்தைக் கேட்பதுதான் வழி.

அப்புறம் பாயை விரித்துப் படுத்துவிடுங்கள். சஸ்பென்ஷன் சேரும் இடங்கள், ஸ்டியரிங் பெட்டி போல்ட் ஆன இடம், ஸ்பிரிங் தொங்கும் கண்கள், சீட் பெல்ட் பிடிக்கும் இடங்கள். விற்பவரிடம் அனுமதி கேட்டுவிட்டு ஸ்குரூடிரைவரின் கைப்பிடியால் தட்டுங்கள். கணீர் என்றால் உலோகம், தொப்பென்றால் துருவின் மேல் பெயிண்ட். அடிப்பாகம் முழுக்கப் புதிதாகக் கருப்புத் தார்ப் பூச்சு அடித்திருந்தால் சந்தேகப்படுங்கள். விற்பதற்கு முந்தைய வாரம் ஒருவர் அடியில் தார் பூசுகிறார் என்றால் காரணம் பாசம் இல்லை.

உள்ளே தரைவிரிப்பைத் தூக்குங்கள், ஸ்டெப்னி குழியைப் பாருங்கள். ஓட்டை இருந்தால் பதற வேண்டாம், தரைத்தகடு பல மாடல்களுக்குத் தயாராகவே கிடைக்கிறது. முன் கண்ணாடிச் சட்டம், கூரை விளிம்பு, எஞ்சினுக்கும் கேபினுக்கும் நடுவில் இருக்கும் சுவர், இங்கே துரு என்றால் பாதிக் காரைப் பிரிக்காமல் கை வைக்க முடியாது. துருவின் அளவைவிட அது இருக்கும் இடம் முக்கியம்.

5. இல்லாததை எண்ணுங்கள்

இருக்கிற பாகத்தைச் சரிசெய்யலாம், இல்லாத பாகத்தைத் தேட வேண்டும், அதற்கு முதலில் அது இல்லை என்றே தெரிய வேண்டும். படப் பட்டியலை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக டிக் போடுங்கள். எஞ்சின் பாகங்கள், பிரேக் பாகங்கள் எங்கிருந்தாவது வந்துவிடும். வராதது: முன் கிரில், அந்த வருடத்து பின் விளக்குக் கண்ணாடி, கதவோரக் குரோமியப் பட்டை, டாஷ்போர்டு மீட்டர்கள், ஜன்னல் கைப்பிடி, வளைந்த முன் கண்ணாடி. தட்டைக் கண்ணாடியை எந்தக் கண்ணாடிக் கடையிலும் வெட்டித் தருவார்கள், வளைந்ததற்கு அச்சு வேண்டும்.

நான் ஒரு பின் விளக்கு மூடிக்காக ஒன்பது மாதம் அலைந்தேன். கிடைத்தது, இடப்பக்கத்துடையது. எனக்கு வேண்டியது வலப்பக்கம்.

குரோமியம் பூசிய பாகங்களை நகத்தால் தடவுங்கள். மேலே மங்கியிருந்தால் பரவாயில்லை. சின்னச் சின்னக் கொப்புளம், குழி இருந்தால், அதுவும் துத்தநாகக் கலவையில் வார்த்த பாகம் என்றால், பழையதை எடுத்துக் குழியை அடைத்துச் செம்பு, நிக்கல், குரோமியம் என்று அடுக்கடுக்காகப் பூச வேண்டும். ஒரு காரின் மொத்த முலாம் செலவைக் கேட்டால் தலை சுற்றும்.

முழுக்கப் பிரித்து அட்டைப்பெட்டிகளில் போட்டு வைத்த கார் மலிவாக வரும். "எல்லாமே இருக்குங்க, மாட்டினா போதும்." இந்த வாக்கியத்தை நம்பி வாங்காதீர்கள். பிரித்தவருக்குத்தான் எந்த போல்ட் எங்கே போகும் என்று தெரியும், அவருக்கே இப்போது மறந்திருக்கும். பெட்டிகளில் வேறு மாடலின் பாகங்களும் கலந்திருக்கும். முதல் காருக்கு இது வேண்டவே வேண்டாம்.

6. எஞ்சின், கியர், பிரேக்

ஓடாத எஞ்சின் என்றால் முதலில் சுற்றுகிறதா என்று பாருங்கள். கிராங்க் புல்லி போல்ட்டில் நீளமான ஸ்பானர் போட்டுக் கையால் திருப்புங்கள், செல்ஃப் அடிக்கச் சொல்லாதீர்கள். அசையாவிட்டால், நிறுத்தி வைத்து இறுகியதா, ஓடும்போது சூடாகி ஜாம் ஆனதா என்று கேளுங்கள். முன்னது பெரும்பாலும் பிளக்கைக் கழற்றி எண்ணெய் ஊற்றிச் சில நாள் ஊறவைத்தால் விடும். பின்னது சிலிண்டரைக் கடைந்து போர் (bore) செய்யும் வேலை, பிஸ்டன், பேரிங் என்று நீளும்.

ஓடும் எஞ்சினைப் பார்க்கப் போனால் காலையில் கிளம்பும்போதே போன் செய்து "ஸ்டார்ட் பண்ண வேண்டாம், குளிர்ந்த எஞ்சினாகவே இருக்கட்டும்" என்று சொல்லுங்கள். போனதும் பானெட்டில் கை வைத்துப் பாருங்கள். சூடாக இருந்தால் எதையோ மறைக்கிறார். கம்ப்ரெஷன் கேஜ் காட்டும் அளவைவிடச் சிலிண்டர்களுக்கு இடையிலான வித்தியாசத்தைக் கவனியுங்கள், பத்து சதவீதத்துக்குள் இருந்தால் திருப்தி. பக்கத்துப் பக்கத்துச் சிலிண்டர் இரண்டும் சேர்ந்து குறைந்தால் ஹெட் கேஸ்கெட் (எஞ்சினின் மேல்பாகத்துக்கும் கீழ்ப்பாகத்துக்கும் நடுவில் இருக்கும் அடைப்பு) போயிருக்கலாம். எண்ணெய் ஊற்றும் மூடியில் வெண்ணெய் மாதிரி படிந்திருப்பது வெறும் ஈரமாகவும் இருக்கலாம், தண்ணீர் கலந்ததாகவும் இருக்கலாம், டிப் ஸ்டிக்கையும் ரேடியேட்டரையும் சேர்த்துப் பார்த்துத்தான் முடிவு.

டயர் ஒரு நல்ல சாட்சி. 2000 முதல் வந்த டயர்களில் தயாரான வாரத்தைச் சொல்லும் நான்கு இலக்கம் இருக்கும், 3217 என்றால் 2017-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரம். அதற்கு முந்தையவற்றில் மூன்று இலக்கம்தான். "போன வருஷம் வரைக்கும் தினமும் ஓட்டினேன்" என்பவரின் காரில் மூன்று இலக்க டயர் இருந்தால் அவர் சொல்லும் மற்றதையும் அதே கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

நின்ற கார் என்றால் பிரேக் சிலிண்டர்கள், ரப்பர் ஹோஸ்கள், பெட்ரோல் டேங்க், கார்புரேட்டர், ரேடியேட்டர் எல்லாவற்றுக்கும் கண்ணை மூடிக்கொண்டு செலவு போடுங்கள். எத்தனால் கலந்த பெட்ரோலில் பழைய ரப்பர்க் குழாய்கள் சீக்கிரம் விரிசல் விடும், எப்படியும் மாற்றத்தான் வேண்டும். ஈயம் கலந்த பெட்ரோல் காலத்து எஞ்சின் என்றால் கடினமான வால்வ் சீட் போட்டாயிற்றா என்று கேளுங்கள். பழைய பிரேக் லைனிங், கிளட்ச் பிளேட், கேஸ்கெட்டுகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், அந்தத் தூசியைக் காற்றடித்து ஊதாதீர்கள்.

7. வயரிங், உள்பக்கம்

துணி சுற்றிய வயர் கையில் பொடிந்தால் முழு ஹார்னஸையும் (மொத்த வயர்க் கட்டு) மாற்றக் கணக்குப் போடுங்கள், ஒட்டுப்போட்டால் தீப்பிடிக்கலாம். பேட்டரி மாட்டிப் பார்க்கும் முன் 6 வோல்ட்டா 12 வோல்ட்டா, எந்த முனை எர்த் (காரின் உடம்போடு இணைவது) என்று கேளுங்கள். 1960-கள் வரை பல பிரிட்டிஷ் கார்களில் பாசிட்டிவ்தான் எர்த். சீட்டுத் துணி கிழிந்திருப்பது தையல்காரர் வேலை, அதற்காக நல்ல உடம்புள்ள காரை விட்டுவிடாதீர்கள்.

8. கணக்கு

ஒரு தாளை எடுத்து மேலே, இதே மாடல் நல்ல நிலையில் ஓடிக்கொண்டிருப்பது என்ன விலைக்குக் கை மாறுகிறது என்று எழுதுங்கள். கண்காட்சியில் பரிசு வாங்கிய காரின் விலை வேண்டாம், விளம்பரத்தில் கேட்கும் விலையும் வேண்டாம், விற்ற விலை வேண்டும். கீழே வாங்கும் விலை, ஏற்றிவரும் செலவு, பெயர் மாற்றம், டிங்கரிங், பெயிண்ட், முலாம், எஞ்சின், பிரேக், டயர், வயரிங், உள்பக்கம், ரப்பர் பீடிங்குகள், கருவிகள், நிறுத்தும் இடத்தின் வாடகை. டிங்கரிங்குக்கும் பெயிண்டுக்கும் ஒருவரிடமாவது காரைக் காட்டி மதிப்பீடு வாங்குங்கள், போனில் சொல்லும் தொகையை நம்பாதீர்கள். மொத்தத்தோடு பாதியைக் கூட்டுங்கள். மிகைப்படுத்துகிறேன் என்று தோன்றும். நான் பாதியைக் கூட்டியிருந்தால்கூட எனக்குப் போதுமானதாக இருந்திருக்காது.

கீழே வரும் தொகை மேலே இருப்பதைத் தாண்டிவிடும். பெரும்பாலும் தாண்டும், அதில் அதிர்ச்சி வேண்டாம். அந்த வித்தியாசம் நீங்கள் இந்தப் பொழுதுபோக்குக்குக் கொடுக்கும் விலை. அது திரும்பி வராது என்று தெரிந்தும் கொடுக்க முடியுமா என்று வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள். சரி என்றால் வாங்கலாம். "வித்து லாபம் பார்த்துடலாம்" என்பதுதான் உங்கள் திட்டம் என்றால், நல்ல நிலையில் இருப்பதையே கொஞ்சம் கூடக் கொடுத்து வாங்குவது மலிவு.

9. காலமும் இடமும்

உடம்பைக் கழற்றிச் செய்யும் முழுப் புதுப்பிப்புக்கு ஆயிரம் மணி நேரம் சுலபமாகப் போகும். வாரத்துக்குப் பத்து மணி நேரம் என்றால் நூறு வாரம், அதாவது ஒரு வாரம்கூடத் தவறாமல் இரண்டு வருடம். காய்ச்சல், கல்யாணம், பாகத்துக்காகக் காத்திருப்பது எல்லாம் இதில் இல்லை.

பிரித்த கார் மூன்று கார் நிற்கும் இடத்தை அடைக்கும். மழை படாத, பூட்டக்கூடிய இடம் இல்லாவிட்டால், போன மாதம் துரு நீக்கிய தகடு அடுத்த மாதம் மறுபடி சிவந்திருக்கும். வாடகை இடம் என்றால் எத்தனை வருடத்துக்கு உறுதி என்று முதலிலேயே கேளுங்கள். எனக்குப் பாதி வேலையில் காலி செய்யச் சொன்னார்கள். கார் என் கையைவிட்டுப் போனதற்குத் துரு பாதிக் காரணம் என்றால் இது மீதிப் பாதி.

10. விலை பேசுவதும் எழுதிக்கொள்வதும்

பார்த்த அன்றே விலை பேசாதீர்கள். "நாளைக்கு இன்னொருத்தர் வர்றார்" என்பார்கள், வரட்டும். இரண்டு நாள் கழித்துக் கணக்குத் தாளோடு உட்கார்ந்து, குறைகளைப் படத்தோடு காட்டிப் பேசுங்கள். காரைத் திட்டாதீர்கள், அது அவருடைய அப்பா ஓட்டியதாக இருக்கலாம்.

முன்பணம் கொடுத்தால் எழுதி வாங்குங்கள்: சேசிஸ் எண், எஞ்சின் எண், மொத்த விலை, கூட வரும் உதிரி பாகங்களின் பட்டியல், காகிதத்தில் சிக்கல் வந்தால் முன்பணம் திரும்ப வரும் என்ற ஒரு வரி. மீதியைக் காகிதம் கைக்கு வந்த பிறகு கொடுங்கள். உதிரி பாகங்களை அன்றே ஏற்றிவிடுங்கள், "அப்புறம் அனுப்பறேன்" என்றவை எனக்கு இன்றுவரை வரவில்லை.

11. வீட்டுக்கு வந்த முதல் வாரம்

ஓட்டிக்கொண்டு வராதீர்கள், லாரியில் ஏற்றி வாருங்கள். பிரேக்கை நீங்கள் இன்னும் திறந்து பார்க்கவில்லை.

வந்ததும் ஸ்பானரை எடுக்கக் கை துறுதுறுக்கும். எடுக்காதீர்கள். பெயர் மாற்றத்துக்கான காகிதத்தைக் கொடுத்து ரசீது வாங்கும் வரை ஒரு போல்ட்டையும் கழற்ற வேண்டாம், ஏனென்றால் ஆய்வுக்குக் காரைக் காட்டச் சொன்னால் அது காராக நிற்க வேண்டும். அந்த இடைவெளியில் உள்ளும் வெளியும் அடியிலுமாக ஒரு முந்நூறு படம் எடுத்துவிடுங்கள், ஒவ்வொரு வயரும் எங்கிருந்து எங்கே போகிறது, ஒவ்வொரு கிளிப்பும் எந்தப் பக்கம் பார்த்திருக்கிறது என்று தெரிகிற மாதிரி. சின்னச் சின்ன ஜிப் பைகளும் அழியாத மார்க்கரும் நிறைய வாங்கி வையுங்கள், நூறு பை போதாது.